வழிச்செலவு

"பீஸும் இல்ல, புக்குக்கும் காசு இல்ல, யூனிபாரத்துக்கு அவங்களே பணம் போடறாங்க. அப்ப டீச்சருங்களுக்கெல்லாம் சம்பளம் யாரு சார் குடுக்கறது?" எங்கள் வீட்டில் சமையலுக்கு வந்துகொண்டிருந்த அம்மா கீரை ஆய்ந்தபடியே இதைக் கேட்டு ஆறேழு வருடம் இருக்கும். மகளை அப்போதுதான் தில்லி லோதி எஸ்டேட்டில் இருக்கும் தமிழ்ப் பள்ளியில் சேர்த்திருந்தார். எங்கள் குடியிருப்பு ஜங்புராவில். தெருவை விட்டிறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் பாராபுல்லா நாலா. அந்த வாய்க்கால் கரையோரம் அப்போது மதராஸி கேம்ப் என்ற குடிசைப் பகுதி இருந்தது. சின்னசேலம் பக்கத்திலிருந்து கல்யாணமாகி நேராக அந்தக் கேம்ப்புக்கு வந்தவர் அவர். காலையில் மூன்று கோட்டி, சாயங்காலம் ஒரு கோட்டி என்று வேலை. கோட்டி என்றால் இந்திக்காரர்களுக்கு பங்களா; என்னைப்போலத் திருநெல்வேலியில் பிறந்தவனுக்குக் கோட்டி என்றால் பைத்தியம். "நாலு கோட்டியப் பாக்கறேன் சார்" என்று முதல்நாள் அவர் சொன்னபோது வந்த சிரிப்பை அடக்கப் பெரும்பாடாகிவிட்டது. பிறகு யோசித்தால் இரண்டு பொருளும் எங்கள் தெருவுக்குப் பொருந்தத்தான் செய்தது. அது கிடக்கட்டும். சம்பளம் யார் கொடுப்பது என்ற கேள்விக்கு நான் சொன்ன பதில் அன்றைக்குக் குறை ஒன்றும் இல்லாததாகத் தோன்றியது. இன்றைக்கு அது சட்டைக்குள் புகுந்த வைக்கோல் துரும்பு மாதிரி எங்கேயோ உறுத்துகிறது. எடுத்துப் போடலாம் என்று கை வைத்தால் இடம் மாறிக்கொள்கிறது.

முப்பத்திரண்டு வருடம் மத்திய அரசின் கணக்குப் பிரிவில் பேனா பிடித்தவன் நான். இப்படி ஒரு கேள்வியைச் சும்மா விடுவேனா? அரசாங்கப் பணத்தில் ஒவ்வொரு ரூபாய்க்கும் ஒரு தலைப்பு உண்டு, தலைப்பு இல்லாத ரூபாயை எந்தக் கஜானாவும் வெளியே விடாது என்று ஆரம்பித்தேன். 2202 என்றால் பொதுக் கல்வி. 4202 என்றால் கட்டடம் முதலான மூலதனச் செலவு. அதன் கீழே கிளை, கிளைக்குக் கிளை என்று இறங்கிப்போய் என் காலத்துக் கணக்கில் 01 சம்பளம், 11 உள்நாட்டுப் பயணச் செலவு, 13 அலுவலகச் செலவு என்று நிற்கும். மொத்தம் 15 இலக்கம். அந்த அம்மா தண்டை ஒடித்தபடி தலையாட்டிக்கொண்டிருந்தார். உங்கள் மகள் படிப்பது அரசுப் பள்ளி இல்லை, அரசு உதவி பெறும் பள்ளி. 1923-இல் தலைநகரத்துக்குக் குமாஸ்தா வேலைக்கு வந்த நம்மவர்கள் மதராஸி கல்விச் சங்கம் என்று தொடங்கியது, பிறகு தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் என்று ஆகி மந்திர் மார்க், லோதி எஸ்டேட், லட்சுமிபாய் நகர், மோதிபாக், பூசா ரோடு, ராமகிருஷ்ணபுரம், ஜனக்புரி என்று ஏழு பள்ளிகளாக நிற்கிறது. 1973-ஆம் வருடத்துத் தில்லிப் பள்ளிக் கல்விச் சட்டத்தின் வழியில் சம்பளத்தில் 95 விழுக்காட்டைத் தில்லி அரசு மானியமாகத் தருகிறது, மீதி 5 நடத்துகிறவர்கள் பொறுப்பு என்று முடித்தேன். கீரையிலிருந்து நிமிர்ந்தார். "அப்ப அந்த அஞ்சு நம்ம ஆளுங்க காசா சார்?" முகத்தில் ஒரு வெளிச்சம். தொண்ணூற்றைந்தைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. அது மழை மாதிரி, வெயில் மாதிரி, எங்கிருந்தோ வருவது. ஐந்துதான் காசு.

நான் அப்போது சொல்லியிருக்க வேண்டும், அந்தத் தொண்ணூற்றைந்திலும் உங்கள் காசு இருக்கிறது என்று. அவர் கைபேசிக்குப் போடும் ரீசார்ஜில் நூற்றுக்குப் பதினெட்டு ரூபாய் வரி. அதில் பாதி தில்லி அரசுக்குப் போகிறது. சோப்பிலும் ஷாம்புப் பொட்டலத்திலும் போகிறது. சொல்லவில்லை. கணக்குக்காரர்கள் பணம் போகும் வழியைக் காட்டுவோம். வந்த வழியைக் கேட்டால் வரவுப் பிரிவைப் பார் என்போம். மானியம் என்ற சொல்லே அப்படித்தான் நடந்துகொள்கிறது. பள்ளிக்கு உதவித்தொகை என்பது 1854-இல் சார்லஸ் வுட் அனுப்பிய கல்வி அறிக்கையோடு இந்தியாவுக்குள் வந்த ஏற்பாடு. நம் மொழி அதற்குப் பெயர் தேடியபோது ராஜாக்கள் கோயிலுக்கும் புலவருக்கும் விட்ட இறையிலி நிலத்தின் பெயரைக் கொண்டுபோய் அதன் தலையில் வைத்துவிட்டது. மானியம் என்று சொன்ன மாத்திரத்தில் கொடுப்பவர் மேலே ஏறிவிடுகிறார், வாங்குபவர் முதுகு தானாக வளைகிறது. அதற்கு முந்தைய திண்ணைப் பள்ளி வாத்தியார் நெல்லாகவும் எண்ணெயாகவும் வாங்கிக்கொண்டார். கொடுத்த வீடு எது என்று அவருக்கும் தெரியும், கொடுக்காத வீடு எது என்று தெருவுக்கும் தெரியும். கொடுக்க முடியாத வீட்டுப் பிள்ளையும், சேர்த்துக்கொள்ளாத சாதிப் பிள்ளையும் அந்தத் திண்ணையில் ஏறவே முடியாது என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஆகையால் அந்தக் காலத்தை நினைத்து ஏங்கவும் எனக்கு மனம் வரவில்லை.

காமராசர் காலத்தில் மதிய உணவுக்கு ஒரு பிள்ளைக்குப் பத்துப் பைசா என்று கணக்குப் போட்டு, அரசு 6 பைசா, ஊரார் 4 பைசா என்று பிரித்தார்கள். 1956-இல் எட்டயபுரத்தில் ஆரம்பித்தபோது அதுவும் ஊரார் கைப்பணம்தான். பிறகு நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்து ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தினார். மேசை, நாற்காலி, கடிகாரம், சுண்ணாம்புப் பூச்சு என்று அவரவரால் ஆனதைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். என் அப்பா எங்கள் ஊர்ப் பள்ளிக்குக் கொடுத்தது ஒரு மண்பானையும் அதற்கு ஒரு தகர மூடியும். பானை மூன்றாம் மாதம் உடைந்தது. மூடி வெகுநாள் இருந்தது. நான் நான்காம் வகுப்பு படிக்கும்போது அதை வைத்துத்தான் மணி அடிப்பார்கள். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்கு இது எங்கள் வீட்டு மூடி என்ற எண்ணம் ஓடும். எங்கள் வீட்டு மூடி என்பதாலேயே எங்கள் பள்ளிக்கூடம். இந்த நினைவை நான் பலரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். இப்போது சொல்லும்போது நடுவில் ஒரு தயக்கம் வந்து நிற்கிறது. ஏற்கெனவே தீப்பெட்டிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரி கொடுத்துக்கொண்டிருந்த ஒரு கூலிக்காரர் பானைக்கும் சேர்த்துக் கொடுத்தார் என்றும் அதைப் பார்க்கலாமே. ஆறும் நாலும் பத்து. அந்த ஆறிலும் அவர் இருந்தார். இன்றைக்கு மத்திய அரசின் சமக்ர சிக்ஷா திட்டத்தில் 60:40 என்று அதே பங்கு மத்திய அரசு, மாநில அரசு என்ற வேறு இரண்டு பேருக்கிடையில் நடக்கிறது. பி.எம்.ஸ்ரீ என்ற மத்திய அரசின் இன்னொரு பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாததால் தமிழ்நாட்டுக்கு 2024-25-இல் வரவேண்டிய 2,152 கோடி நின்றுபோய், வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. நின்றது யார் காசு என்று கேட்டால் தில்லியில் ஒரு பதில், சென்னையில் ஒரு பதில். ஊரார் எங்கே போனார்கள் என்று கேட்க ஆள் இல்லை.

காசு வந்த வழியைத் தோண்டினால் சாராய வாடையும் அடிக்கிறது. 1919 சீர்திருத்தத்தில் கல்வியை இந்திய மந்திரிகள் கையில் கொடுத்த வெள்ளைக்காரன் கூடவே கலாலையும் கொடுத்தான். குடி பெருகினால் பள்ளி பெருகும் என்று ஒரு முடிச்சு. 1937-இல் காங்கிரஸ் மந்திரிசபைகள் வந்தபோது மதுவை நிறுத்தினால் பள்ளிக்கு எங்கே போவது என்ற திகைப்பு அந்த மாகாணங்களில் இருந்தது. காந்திக்கு அந்த முடிச்சே அருவருப்பாக இருந்தது. பள்ளி தன் செலவைத் தன் கைத்தொழிலால் தானே தேடிக்கொள்ளட்டும் என்று அவர் எழுதி, வார்தாவில் கூடி, ஜாகிர் உசேன் தலைமையில் குழு அமைத்து, ஆதாரக் கல்வி பிறந்தது அந்தத் திகைப்பில்தான். ஜாகிர் உசேன் துணைவேந்தராக இருந்த ஜாமியா மில்லியா எங்கள் வீட்டிலிருந்து அதிக தூரம் இல்லை, ஓக்லாவில். ராஜாஜி வேறு வழி பிடித்தார். சேலத்தில் மதுவிலக்கு, விழுந்த ஓட்டையை அடைக்க 1939-இல் விற்பனை வரி. வரலாறு குறும்புக்காரன், விற்பனை வரியும் நிலைத்தது, மதுவும் திரும்பி வந்தது. தில்லியில் ஒரே அமைச்சர், மணீஷ் சிசோடியா, நிதியும் கல்வியும் கலாலும் சேர்த்து வைத்திருந்தார். பள்ளிக்காகப் பாராட்டப்பட்ட மனிதர் 2023 பிப்ரவரியில் கைதாகிப் பதினேழு மாதம் சிறையில் இருந்தது கலால் கொள்கை வழக்கில். வழக்கின் சரி தவறு நீதிமன்றத்தின் வேலை. ஒரே மேசையின் மூன்று இழுப்பறைகள் என்பதில்தான் என் மனம் போய் நிற்கிறது. இழுப்பறைகளுக்கு இடையே உள்ள பலகை எவ்வளவு மெல்லியது என்பது கணக்கு எழுதியவனுக்குத் தெரியும்.

தில்லி கொடுத்து வைத்த ஊர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். முன்னாள் சக ஊழியர்கள் கூடினால் தில்லிக் கல்வி மாதிரியைப் பற்றி இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போடுவார்கள். இரண்டு பக்கமும் விட்டுவிடுகிற சங்கதி ஒன்று உண்டு. தில்லி அரசு ஊழியர்களின் ஓய்வூதியம் மத்திய அரசின் கணக்கு. போலீசும் மத்திய அரசுடையது. சட்டசபை உள்ள யூனியன் பிரதேசம் என்பதால் நிதிக்குழு பிரித்துக் கொடுக்கும் வரிப் பங்கில் தில்லிக்கு இடம் இல்லை, அதற்கு ஈடாக வந்த தொகை 2001-க்குப் பிறகு நெடுங்காலம் 325 கோடியிலேயே நின்றது என்ற குறை உண்மைதான். ஆனால் சென்னையின் பட்ஜெட்டைத் தின்கிற ஓய்வூதியமும் காவலும் இங்கே அந்த மேசைக்கு வருவதே இல்லை. அந்த இடத்தில்தான் பள்ளி உட்கார்ந்தது. 2015-16-இல் கல்விக்கு 9,836 கோடி என்று அறிவித்தபோது அது பட்ஜெட்டில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு. மற்ற மாநிலங்களில் சராசரி 15 விழுக்காட்டை ஒட்டியே இருந்தது. 2024-25-இல் 76,000 கோடியில் 16,396 கோடி. ஆட்சி மாறி 2025-26-இல் ஒரு லட்சம் கோடியில் 19,291 கோடி. இதுவரை இல்லாத தொகை என்றது ஆளும் தரப்பு. விழுக்காடு இறங்கிவிட்டது என்றது எதிர்த்தரப்பு. இரண்டும் சரி. ரூபாய் ஏறும்போது விழுக்காடு இறங்குவது கணக்கில் ஒரு சாதாரண காட்சி. இரண்டு பேரும் வேண்டிய பாதியைக் கத்தரித்துக்கொண்டு போனார்கள்.

அந்தக் கோடிகள் கண்ணுக்குத் தெரியும்படி நின்றது வகுப்பறைகளில்தான். பத்து வருடமாக இந்த ஊர் அரசியலில் வகுப்பறை எண்ணிக்கைபோல வீசியடிக்கப்பட்ட எண் வேறு இல்லை. கட்டினோம் என்று ஒருவர் எண்ணினார். அதே அறைகளை எண்ணி, 12,748 அறை கட்டியதில் விலை ஏற்றப்பட்டது என்று 2025 ஏப்ரலில் ஊழல் தடுப்புப் பிரிவு வழக்குப் பதிந்தது. புகழ்ந்தாலும் பழித்தாலும் எண்ணுவது சுவரை. சுவர் நகராது என்பது அதற்குள்ள பெரிய வசதி. நான் தணிக்கைக்குப் போன காலத்திலும் அப்படித்தான்: முதலில் கட்டடம், பிறகு சாமான் பதிவேடு, பிறகு அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, நிரப்பியது எத்தனை, விருந்தாசிரியர் எத்தனை. காலையில் பெண் பிள்ளைகள், பிற்பகலில் பையன்கள் என்று இரண்டு முறை நடக்கிற பள்ளியில் பன்னிரண்டரை மணிக்கு வாசலில் ஒரு நெரிசல் உண்டாகும் பாருங்கள். சம்சாவும் குர்குரேயும் வியர்வையும் கலந்த வாடையில் ஆயிரம் பிள்ளைகள் வெளியே வர ஆயிரம் பிள்ளைகள் உள்ளே போக முட்டிக்கொண்டு நிற்பார்கள். அந்த அரைமணி நேரம் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. ஒரு முறை கேட் ஓரமாக நின்று யார் உள்ளே, யார் வெளியே என்று பிரித்தறியப் பார்த்தேன். முடியவில்லை. எல்லோர் முகத்திலும் ஒரே பசி.

சுவர் நிற்கும் நிலம் ஒருவருடையது, சுவர் ஒருவருடையது, சுவருக்குள் இருக்கும் வாத்தியார் ஒருவருடையவர் என்பது தில்லிக்கே உரிய சிக்கல். ஐந்தாம் வகுப்பு வரை பெரும்பாலும் மாநகராட்சி, ஆறிலிருந்து தில்லி அரசு. நிலத்துக்கு டி.டி.ஏ. என்ற தில்லி வளர்ச்சி ஆணையம், அது மத்திய அரசு. அதிகாரிகளை மாற்றுகிற அதிகாரம் யாருக்கு என்று 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒன்று சொல்லி, ஆகஸ்டில் பாராளுமன்றம் சட்டம் போட்டு வேறொன்றாக்கியது. 2024-இல் மாநகராட்சிப் பள்ளிகளில் புது வகுப்பு தொடங்கியும் பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகம் வரவில்லை. பணம் இல்லாமல் இல்லை. 5 கோடிக்கு மேற்பட்ட ஒப்பந்தத்துக்கு நிலைக்குழு ஒப்புதல் வேண்டும். நிலைக்குழு அமையவே இல்லை. ஆணையருக்கு அந்த அதிகாரத்தைக் கொடுப்பதற்கு முதலமைச்சர் கையெழுத்து வேண்டும், முதலமைச்சர் சிறையில். கடைசியில் உயர் நீதிமன்றம் ஏப்ரல் மாதக் கடைசியில் செலவு செய்யச் சொல்லி உத்தரவிட்டது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு வங்கிக் கணக்கு இல்லாததால் சீருடைக்கான தொகையும் போய்ச் சேரவில்லை என்பது அதே வழக்கில் வெளியே வந்தது. பேப்பரில் இதைப் படித்த அன்று எனக்கு உள்ளூர ஒரு தொழில்முறைச் சிலிர்ப்பு ஏற்பட்டது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். விதி எவ்வளவு சுத்தமாக வேலை செய்திருக்கிறது! பிறகுதான் வெட்கம் வந்தது. அதுவும் கொஞ்சம் தாமதமாக.

2025 ஜூன் 1 ஞாயிற்றுக்கிழமை. உயர் நீதிமன்ற உத்தரவின்படி மதராஸி கேம்ப் இடிக்கப்பட்டது. நாலாவை அடைத்துக்கொண்டிருக்கிறது, மழைக்காலத்தில் வெள்ளம் வருகிறது என்பது காரணம். ஏறத்தாழ 370 வீடுகள். அதில் பாதியை ஒட்டிய எண்ணிக்கையினருக்கே மாற்று வீடு, அதுவும் நரேலாவில், 40 கிலோமீட்டருக்கு அப்பால், ஊரின் வடக்கு ஓரத்தில். அந்த அம்மாவின் பெயர் பட்டியலில் இருந்தது. கோடை விடுமுறைக்காகப் பள்ளி மூடியபோது நாலாக் கரையில் இருந்த பிள்ளை ஜூலையில் பள்ளி திறந்தபோது நரேலாவில் நான்காவது மாடியில் இருந்தது. பள்ளி இருந்த இடத்தில் இருந்தது. சம்பளத்தில் 95 விழுக்காடு அதே தேதியில் வந்திருக்கும். மீதி 5-ம் வந்திருக்கும். எனக்குத் திரும்பத் திரும்பத் தோன்றுவது இதுதான்: எந்தத் தலைப்பிலும் எந்தத் தொகையும் குறையவில்லை. கணக்குப்படி ஒன்றுமே நடக்கவில்லை. கல்வி உரிமைச் சட்டத்தைக் கேட்டாலும் அதே பதில். அருகமைப் பள்ளி என்று அது சொல்வதை விதிகள் ஐந்தாம் வகுப்பு வரை 1 கிலோமீட்டர், எட்டு வரை 3 கிலோமீட்டர் என்று அளந்து வைத்திருக்கின்றன. நரேலாவில் அந்தத் தூரத்துக்குள் அரசுப் பள்ளி இருக்கிறது, போய்ச் சேர்த்தால் சேர்த்துக்கொள்வார்கள். மொழிச் சிறுபான்மைப் பிள்ளைக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வசதி செய்ய வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 350ஏ 1956 முதல் சொல்லிக்கொண்டிருக்கிறது. அதற்குக் கிலோமீட்டர் கிடையாது. தமிழ்ப் பள்ளிகள் ஏழும் குமாஸ்தாக்களின் குடியிருப்புகளைத் தொடர்ந்து போனவை. நரேலாவில் குமாஸ்தாக்கள் இல்லை.

குமாஸ்தா என்று எழுதியதும் பேனா கொஞ்சம் நிற்கிறது. ஏனென்றால் இடம் பெயரும் பிள்ளையின் பின்னால் பணம் ஓட முடியாது என்று இந்த அரசாங்கம் எப்போதும் சொன்னதில்லை. எனக்காக ஓடியிருக்கிறது. என்னை நாக்பூருக்கு மாற்றினார்கள், திரும்பத் தில்லிக்கு மாற்றினார்கள். ஒவ்வொரு முறையும் இடமாறுதல் பயணப்படி: குடும்பத்துக்கு ரயில் கட்டணம், சாமானுக்கு லாரிச் செலவு, போய்ச் சேர்ந்து பெட்டி பிரிப்பதற்குத் தனியாக ஒரு தொகை. 11-ஆம் எண் தலைப்பு. பள்ளி நடுவருடத்தில் மாறுமே என்றால் அதற்கென்றே 1963-இல் மத்திய அரசு பள்ளிகள் திறந்து வைத்திருக்கிறது, கேந்திரிய வித்யாலயா. நாடு முழுக்க ஒரே பாடத்திட்டம்; நாக்பூரில் விட்ட பாடத்தைத் தில்லியில் தொடரலாம். சேர்க்கையில் ஊழியர் பிள்ளைகளுக்கு முன்னுரிமை. அவர்களுக்குள்ளும் கடந்த ஏழு வருடத்தில் அப்பாவுக்கு எத்தனை மாறுதல் என்று எண்ணிப் பார்ப்பார்கள், கூடுதல் மாறுதல் என்றால் கூடுதல் முன்னுரிமை. அலைந்ததையே ஒரு தகுதியாக்கிய ஏற்பாடு அது. மனிதாபிமானம் உள்ள ஒரு ஏற்பாடு என்றுதான் நான் நினைத்து வந்தேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். இதற்கு மேல் குழந்தைகள் கல்விப்படி என்று வேறு ஒன்று. 2024 ஜனவரி முதல் பிள்ளை ஒன்றுக்கு மாதம் 2,812 ரூபாய் 50 பைசா. அந்த ஐம்பது பைசாவைக் கவனியுங்கள். எவ்வளவு அக்கறையாகப் பெருக்கியிருக்கிறார்கள்! என் காலத்தில் தொகை குறைவு, ஆனால் ஒரு வருடம்கூட நான் விட்டதில்லை. என் இரண்டு பிள்ளைகளுக்கும் ரசீது ஒட்டி, கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறேன். அந்தப் பணத்தை மானியம் என்று யாரும் சொன்னதில்லை. படி என்றார்கள். படி என்பது உரிமையாக அளந்து போடுவது.

யோசித்தால் தமிழ்ப் பள்ளியும் அதே வகையில் பிறந்ததுதான். சாம்ராஜ்யம் கோடையில் சிம்லாவுக்கும் குளிரில் தில்லிக்கும் மூட்டை கட்டிக்கொண்டிருந்த காலத்தில், மூட்டையோடு சேர்ந்து இழுபட்ட மதராஸி குமாஸ்தாக்கள் தங்கள் பிள்ளைக்குத் தமிழ் விட்டுப்போகுமே என்று போட்ட பள்ளி அது. பிறகு குமாஸ்தாவின் பேரப்பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிகளுக்குப் போய்விட்டார்கள். என் பிள்ளைகளும் அங்கே படிக்கவில்லை. காலியான பெஞ்சுகளில் கேம்ப்பிலிருந்து பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். அரசாங்கத்தோடு நகர்ந்தவர்களுக்காகக் கட்டிய பள்ளியில் அரசாங்கத்தால் நகர்த்தப்பட்டவர்களின் பிள்ளைகள். இரண்டு வினைச்சொல்லுக்கும் நடுவில் ஒரு எழுத்து மாறியிருக்கிறது, அவ்வளவுதான். முன்னதற்குத் தலைப்பு இருக்கிறது, பின்னதற்கு இல்லை. இதை ஏன் அன்றைக்கே நான் பார்க்கவில்லை என்பதுதான் அந்தத் துரும்பாக இருக்க வேண்டும். அல்லது இதுவும் ஒரு கணக்குக்காரனின் தப்பித்தல். தலைப்பு ஒன்று திறந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிற தொழில் நம்பிக்கை. நாற்பது கிலோமீட்டருக்கு ஆகும் நேரத்தை எந்தத் தலைப்பில் எழுதுவார்கள்?

ஜூலை முழுக்க அந்த அம்மாவின் மகள் பழைய பள்ளிக்கே போய்வந்தாள். விடியுமுன் கிளம்பி, ஆசாத்பூரில் ஒரு பஸ் மாறி, காஷ்மீரி கேட்டில் ஒரு பஸ் மாறி. அம்மாவும் கூட வருவார். இரண்டு கோட்டி போய்விட்டது, இரண்டு கோட்டி மிச்சம். 2019 அக்டோபரிலிருந்து தில்லி அரசுப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, அப்போது இளஞ்சிவப்பு டிக்கெட் கொடுத்தார்கள். ஒரு டிக்கெட்டுக்குப் பத்து ரூபாய் என்று அரசு போக்குவரத்துக் கழகத்துக்குக் கொடுத்துவிட்டது. அந்த அம்மா ஒருநாள் பையைத் தட்டியபோது பத்துப் பதினைந்து டிக்கெட் தரையில் விழுந்தது. கைப் பழக்கம், பொறுக்கி எண்ணி ரப்பர் போட்டு வைத்தேன். ஒரு நடைக்கு மூன்று பஸ், போக வர ஆறு டிக்கெட், ஒருத்திக்கு அறுபது ரூபாய். பள்ளி நாள் இருபத்திரண்டு என்று வைத்தால் மகளுக்கு மட்டும் மாதம் 1,320 ரூபாய் அரசு கொடுத்திருக்கிறது! தமிழ் படிப்பதற்காக ஒரு பிள்ளைக்குத் தனியாக. அதைக் கல்வியில் தேடினால் கிடைக்காது, போக்குவரத்தில் இருக்கும். எனக்கு ஒரு நிமிடம் சந்தோஷமாகக்கூட இருந்தது, புதையல் எடுத்தவன் போல. "எதுக்கு சார் இத எண்றீங்க, குப்பையில போடுங்க" என்றார் அந்த அம்மா. ஐந்தாவது படிக்கும் அவள் தம்பிக்கு அந்த டிக்கெட் கிடையாது. அவனை ஜூலையிலேயே நரேலாவில் சேர்த்தாயிற்று. அங்கே அவன் பெயரை இந்தியில் எழுதும்போது ழகரத்தை லகரமாக்கிவிட்டார்கள் என்று அக்காக்காரிக்குச் சிரிப்பு.

ஆகஸ்டில் அவளாலும் முடியவில்லை. வகுப்பில் தூங்குகிறாள், சாயங்காலம் வீட்டுப்பாடம் பஸ்ஸில் நின்றபடி. டி.சி. வாங்கிவிடுவது என்று முடிவு செய்து, மனு எழுதித் தரும்படி இரண்டு பேரும் வந்து உட்கார்ந்தார்கள். என் மனைவி காப்பி கொண்டுவந்தாள். பெயர், வகுப்பு, பிறந்த தேதி எல்லாம் எழுதி முடித்துப் பள்ளியை விட்டு நீங்கும் காரணம் என்ற இடத்தில் நின்றேன். வீடு இடிக்கப்பட்டதால் என்று எழுதலாம்; தூரம் என்று எழுதலாம்; குடும்பச் சூழ்நிலை என்று எழுதினால் உலகத்தில் எல்லாமே அதில் அடங்கும். "உங்களுக்கு மாத்தறப்ப என்னா சார் எழுதுவீங்க?" என்றார் அந்த அம்மா. இடமாறுதல் என்று எழுதுவோம் என்றேன். "அதயே எழுதிடுங்க." எழுதினேன். மகள் எட்டிப் பார்த்து எழுத்துக்கூட்டிப் படித்தாள். பிறகு புத்தகப் பையைத் திறந்து, அட்டை மடங்கிப்போன தமிழ்ப் புத்தகத்தை வெளியே எடுத்து, டி.சி. வாங்கினால் இதையும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டுமா தாத்தா என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. பையிலேயே வைம்மா, கேட்டுப் பார்ப்போம் என்றேன்.